காருக்குக் கீழேயும் ஒரு குக்கர் வளையம்!

"வடாம் போடுவதையும், பிள்ளைக்கு உரை மருந்து கொடுப்பதையும் எழுத வேண்டிய பக்கத்தில் இவள் காரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே!" என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. நானும் உங்களைப் போலத்தான். பத்தாவது வரை படித்தேன், கல்யாணம் ஆயிற்று, அடுப்பங்கரையே உலகம் என்று இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். காருக்கு அடியில் குனிந்து பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் பெற்ற பெண் வலியில் முகம் சுளிக்கும்போது சிரிப்பு எங்கே வரும்?

எங்கள் வீடு புதுச்சேரியில் குருசுக்குப்பத்தில், கடலுக்குப் பக்கம். மாமனார் முப்பது வருஷத்துக்கு மேல் டாக்சி ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது பழைய அம்பாசிடர் ஒன்றைச் சொந்தத்துக்கு வாங்கினார். சர்க்கரை வியாதியில் கண் பார்வை மங்கிப் போகவே சாவியைக் கீழே வைத்துவிட்டார். "கார் சும்மா நின்னா செத்துடும்மா. நீ கத்துக்கோ" என்று என்னை முன் சீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அப்போது எனக்கு நாற்பது வயசு! அன்று முதல் வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு அந்த வண்டியில்தான் போகிறேன். அக்கம் பக்கத்தில் நாலு வீட்டுக்குச் சேர்த்துக் காய்கறி, மீன், தேங்காய் எல்லாம் டிக்கியில் வந்துவிடும்.

பெரிய மார்க்கெட் என்றால் வெளியூர் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே மணிக்கூண்டோடு இருக்கும் எங்கள் ஊர்ச் சந்தை. 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக வந்த எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று எழுதுவார்கள். ஆனால் வாயில் வருவது பெரிய மார்க்கெட்தான்.

2022 கடைசியில் வண்டியின் பின் பக்கம் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக், டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் விட்டோம். "பின் ஸ்பிரிங் பட்டையில் ரப்பர் புஷ் தேய்ஞ்சு போச்சு. ரப்பர் போட்டா ரெண்டு வருஷம்தான் வரும். நைலான் புஷ் போட்டுடறேன், ஆயுசுக்கும் கவலை இல்லை" என்றார்கள். ஆயுசுக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சரி என்றோம்.

சத்தம் என்னவோ நின்றது. ஆனால் வண்டி மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. சின்னக் கல் மேல் ஏறினாலும் முதுகுத்தண்டு வரைக்கும் 'விண்'ணென்று தெறிக்கும். ஒரே மாதத்தில் 'கிறீச், கிறீச்' என்று கட்டில் ஆடுகிற சத்தம் வேறு. தக்காளிகூட வீடு வந்து சேருவதற்குள் நசுங்கிவிடும். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

2023 தை மாதம் என் மூத்த பெண்ணுக்கு வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் தடவை போய்த் திரும்பும்போது ஒரு வேகத்தடையில் எவ்வளவு மெதுவாக ஏற்றியும் பின்பக்கம் தூக்கிப் போட்டது. "அம்மா!" என்று ஒரு குரல். கண்ணாடியில் பார்த்தால், பெண் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போயிற்று. ஓரமாக நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பயப்படாதீங்க. குழந்தை பனிக்குட நீருக்குள்ளே மெத்தையிலே இருக்கிற மாதிரி இருக்கு. சாதாரணக் குலுக்கல் அதை ஒண்ணும் செய்யாது. ஆனா தாய்க்கு இடுப்பு மூட்டெல்லாம் தளர்ந்திருக்கிற சமயம். கடுமையா அதிர்ந்தா அவங்களுக்குத்தான் முதுகுவலி, இடுப்பு வலி அதிகமாகும். உதிரம் பட்டாலோ, நீர் கசிஞ்சாலோ, வலி விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்தாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ உடனே வந்துடணும்" என்றார். சீட் பெல்ட்டைப் பற்றியும் சொன்னார். நாமெல்லாம் வயிற்றை அழுத்துமே என்று கழற்றிவிடச் சொல்வோம் இல்லையா? அது தப்பாம். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டி இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மேல் மட்டும் போகக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீட்டில் இதை அவசியம் நினைவில் வையுங்கள்.

அன்று இரவு என் கணவர், "பிரசவம் முடியட்டும். அந்த வண்டியைக் காயலாங்கடைக்குப் போட்டுடலாம். அதுவரைக்கும் ஆட்டோவிலே போங்க" என்றார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறவர், அசதியில் சொன்னதுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார் காதில் அது விழுந்தது. ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் காப்பி கொண்டு போனால், மனுஷர் காருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"என்ன மாமா இது? இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு!"

"இதுக்குக் கண்ணு எதுக்கும்மா? கை போதும். இங்கே தொட்டுப் பாரு. நகத்தாலே அழுத்து. பதியுதா?"

அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது.

"உன் குக்கர் வளையம் இப்படி ஆயிட்டா என்ன செய்வே?"

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்துவேன்."

"அவ்வளவுதான் விஷயம். வண்டியைத் தூக்கிப் போட மாட்டே இல்லே?"

எனக்கு அது சுருக்கென்று பட்டது. "மாமா, நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது!

புஷ் என்றால் என்ன?

நமக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். மிக்ஸியின் அடியில் மோட்டாரையும் ஜாரையும் சேர்க்கும் ரப்பர் இருக்கிறதல்லவா? அது இல்லாமல் இரும்போடு இரும்பு மோதினால் என்ன சத்தம் போடும்? காரிலும் அப்படித்தான். சக்கரம் மேலும் கீழும் ஆடும், வண்டியின் உடம்பு ஆடக் கூடாது. இரண்டையும் சேர்க்கும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ரப்பர் வைத்திருக்கிறார்கள். அதுதான் புஷ். நம் முட்டியில் இருக்கும் ஜவ்வு மாதிரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தாக்கள் இதை 'சிலான்பிளாக்' என்பார்களாம். சத்தம் போடாத கட்டை என்று அர்த்தம் சொன்னார் மாமனார். பெயரிலேயே வேலை இருக்கிறது பாருங்கள்!

அம்பாசிடரில் பின் சக்கரங்கள், ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிய எஃகுப் பட்டைகளின் மேல் நிற்கின்றன. பட்டையின் முன் நுனி சட்டத்தோடு நேராகச் சேர்ந்திருக்கும். பின் நுனி மட்டும் ஊஞ்சல் சங்கிலி மாதிரி 'ஷாக்கிள்' என்ற தொங்கலில் இருக்கும். பாரம் ஏறினால் பட்டை நீள வேண்டுமே, அதற்காக. அந்த ஷாக்கிளின் மேல் கண்ணிலும் கீழ்க் கண்ணிலும் ரப்பர் உண்டு. எங்கள் வண்டியில் கண்ணுக்கு இரண்டு பாதி, ஆக ஒரு பக்கத்துக்கு நாலு, இரண்டு பக்கமும் எட்டு. காளான் மாதிரி ஒரு பக்கம் விரிந்த சின்ன ரப்பர்கள்தான். ஊஞ்சல் வளையம் இறுகிவிட்டால் ஊஞ்சல் ஆடுமா? எங்கள் வண்டியில் நடந்தது அதுதான்.

ரப்பர் ஏன் இறுகுகிறது?

ரப்பர் மரத்துப் பால் அப்படியே இருந்தால் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் இல்லாமல் வில் மாதிரி இழுபடும் என்று கண்டுபிடித்தார். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் பால் மரம் சீவியவர்களில் நம் தமிழ்ச் சனங்கள் எத்தனை ஆயிரம் பேர்! இன்று கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அந்த மரம் நிற்கிறது.

கந்தகம் போட்டுக் கட்டிய அந்தக் கட்டு, வருஷக்கணக்கில் சூடும் காற்றும் பட்டால் மேலும் மேலும் இறுகிக்கொண்டே போகும். அதனால்தான் குக்கர் வளையம் விறைக்கிறது, பழைய ரப்பர் பேண்டு தொட்டதும் ஒடிகிறது. எங்களைப் போலக் கடலோரத்தில் இருந்தால் உப்புக் காற்றில் ரப்பரைச் சுற்றியுள்ள இரும்பும் துருப்பிடித்து அதைக் கடிக்கும். எண்ணெய் பட்டால் இன்னொரு வியாதி: ரப்பர் உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். சத்தம் வருகிறதே என்று வண்டிக்கு அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சுகிறார்களே, அது அன்றைக்குச் சத்தத்தை அடக்கும். பிறகு ரப்பரையே தின்றுவிடும்.

நைலான் இறுகுவதும் இல்லை, இளகுவதும் இல்லை. அதனால் சீக்கிரம் தேயாது, உழைக்கும். ஆனால் ரப்பர் வேலை செய்வது எப்படி? தானே முறுங்கி, தானே நிமிர்ந்து அதிர்ச்சியை விழுங்குகிறது. நைலான் விழுங்காது, வாங்கியதை அப்படியே நம்மிடம் கொடுத்துவிடும். பந்தயத்துக்கு வண்டி ஓட்டுபவர்கள் கெட்டிப் புஷ்ஷை விரும்பிப் போடுவார்களாம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் வயசானவர்களுக்கும் அது எதற்கு?

மார்க்கெட்டில் படித்த பாடம்

வெள்ளிக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குப் போனபோது பாத்திரக் கடையில் குக்கர் வளையம் வாங்கினேன். கடைக்காரர் வளையத்தை எட்டாக மடக்கிக் காட்டி, "மடக்கின இடத்திலே வெள்ளைக் கோடு, கீறல் இல்லே பாருங்கம்மா. அப்படி இருந்தா பழைய சரக்கு, வாங்காதீங்க" என்றார். அதை மனசில் வாங்கிக்கொண்டு அண்ணா சாலைப் பக்கம் ஒரு பழைய ஸ்பேர் கடைக்கு, மாமனாரையும் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதமே நின்றுவிட்டது. அதனால் இப்போது கிடைக்கும் ரப்பரில் எத்தனையோ காலம் அலமாரியில் கிடந்ததும் உண்டு. போட்டாலும் போடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும் அல்லவா? முதலில் எடுத்துக் கொடுத்த எட்டில் மூன்றை மடக்கிப் பார்த்ததும் முடி மாதிரிக் கீறல் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு டப்பா கொண்டு வந்தார். மாமனார் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அமுக்கி, "இது நல்ல ரப்பர்" என்றார். எட்டுக்கும் சேர்த்து எங்கள் வீட்டு இரண்டு நாள் காய்கறிச் செலவுகூட ஆகவில்லை.

முதல் நாள் நான் செய்த தப்பு

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

வீட்டு வாசலில் தெரு மணல். அங்கேயே வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரும் போட்டு, ஜாக்கியை வைத்து ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினேன். "முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தியா?" என்று மாமனார் கேட்டார். இரண்டு கல்லை உருட்டிவிட்டு, "கொடுத்தாச்சு மாமா" என்றேன். சக்கரத்தைக் கழற்றியதும், "அதை அப்படியே சட்டத்துக்கு அடியிலே படுக்க வை" என்றார். 'இந்த வயசானவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சாங்கியம்' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வைத்தேன்.

துருப்பிடித்த நட்டு அசையவில்லை. ஸ்பேனரைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வண்டி ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. மணலில் ஜாக்கி சாய்ந்தது. அவ்வளவுதான், 'தடால்' என்று முழு வண்டியும் கீழே உட்கார்ந்தது. படுக்க வைத்திருந்த சக்கரத்தின் மேல் சட்டம் மோதி நின்றது. என் முழங்கால் அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

பெண் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். மாமனார் எதுவும் தெரியாமல் கையைக் காற்றில் துழாவிக்கொண்டு, "எங்கே இருக்கே? எங்கேம்மா இருக்கே?" என்று கத்தினார். அந்தக் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "இங்கேதான் மாமா, ஒண்ணும் ஆகலே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அதோடு வேலையை நிறுத்தினோம்.

மாலையில் அவர் விளக்கினார். அம்பாசிடரில் கியரும் ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் போட்டும் பிரயோசனம் இல்லை. தூக்கிய பக்கம் சும்மா சுற்றிக்கொள்ளும், தரையில் இருப்பது உருளும். எங்கள் ஹேண்ட் பிரேக் கேபிளோ தளர்ந்து போனது. ஆகவே வண்டியைப் பிடித்து வைத்தது நான் அலட்சியமாக உருட்டிவிட்ட இரண்டு கல் மட்டுமே. "ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்லே" என்றார். அதை நான் அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வைக்காத குறைதான்.

இரண்டாம் நாள், முறையாக

அடுத்த ஞாயிறு என் கணவருக்கும் விடுமுறை. நடந்ததைக் கேட்டு முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே தெரிந்தவரிடம் இரும்பு ஸ்டாண்டு இரண்டு இரவல் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுச் சிமெண்டு முற்றத்துக்கு வண்டியைக் கொண்டு போனோம். முந்தின நாளே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். பழைய புஷ்ஷைத்தான் எடுத்து எறியப் போகிறோம், எண்ணெய் பட்டால் பாதகமில்லை. புது ரப்பர் பக்கம் மட்டும் அது போகக் கூடாது.

முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை அண்டை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டோம். பிறகு பின்பக்கத்தைத் தூக்கி, பட்டையின் முன் நுனிக்குச் சற்று முன்னால் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. கழற்றிய சக்கரங்களும் சட்டத்துக்கு அடியில். வண்டியை ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை உள்ளே விட்டேன்.

அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, பட்டையின் இழுப்புத் தளரும் வரை மெல்ல மெல்ல ஏற்றினார் என் கணவர். ஷாக்கிளின் மேல் நட்டு, கீழ் நட்டு இரண்டையும் கழற்றி, பக்கத் தகட்டைத் தட்டி எடுத்ததும் நைலான் புஷ் வெளியே வந்தது. உள் பக்கம் கறுத்து, வழவழவென்று பளபளத்தது. கிறீச் சத்தம் அங்கிருந்துதான். கண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துரு போகத் துடைத்தேன். புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கட்டை விரலால் அழுத்தினால் 'சளக்' என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சோப்பு காய்ந்துவிடும், கிரீஸோ எண்ணெயோ போட்டால் காயாமல் இருந்து ரப்பரைக் கெடுக்கும்.

நான் நட்டை முழுக்க முறுக்கப் போனேன். "நிறுத்து, நிறுத்து!" என்றார் மாமனார். "கையாலே முறுக்கினா போதும். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையிலே இறக்கி, அது நிக்கிற நிலையிலேதான் இறுக்கணும்."

"ஏன் மாமா?"

"ரவிக்கைக்கு அளவு கொடுக்கறப்போ கையைத் தூக்கிக்கிட்டா கொடுப்பே?"

புரிந்துவிட்டது! சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் எப்போதும் முறுங்கியபடியே நிற்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுங்கிச் சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால் இறக்கி, டிக்கியை நாலு தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு இறுக்கினோம். எட்டுப் புஷ் போட எங்களுக்கு முக்கால் நாள் பிடித்தது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை நட்டுகளைச் சரிபார்த்தேன். ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது.

எல்லாவற்றையும் நாங்களே செய்துவிடவில்லை. பட்டையின் முன் நுனியில் உள்ள புஷ்ஷை அழுத்தி இறக்க பட்டறை இயந்திரம் வேண்டும். அம்பாசிடரின் முன்பக்கம் முறுக்குக் கம்பியில் நிற்கிறது. புதிய கார்களின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் அமுங்கி இருக்கும். இரண்டிலும் ஆளை அடிக்கும் விசை உண்டு. "அங்கே நாமே கை வைக்கக் கூடாது" என்றார் மாமனார். அந்த வேலையைத் தெரிந்த பட்டறையில் கொடுத்து, 'தரையில் நிற்கும்போது இறுக்கினீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். முன்பக்கம் வேலை செய்தால் சக்கர அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

சகோதரிகள் கவனத்துக்கு

உங்கள் வீட்டு வண்டியில் புஷ் கெட்டிருக்கிறதா என்று அறிய அடியில் புக வேண்டியதில்லை. வேகத்தடையில் 'டொக்' சத்தம், முன்பு இல்லாத குலுக்கல், டயர் ஒரு ஓரமாகத் தேய்வது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். கிறீச் சத்தம் வரும் மூட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் பெரும்பாலும் அந்த இடத்துப் புஷ்தான் காரணம்.

பழையதற்குப் பதில் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். 'ஆயுசுக்கும் வரும்' என்றால், 'மெத்தென்று இருக்குமா?' என்றும் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிப் பாருங்கள்.

வீட்டு ஆண்கள் வண்டிக்கு அடியில் புகுந்தால், கட்டை வைத்திருக்கிறதா, ஸ்டாண்டு இருக்கிறதா என்று நீங்கள் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு மறு வேலை பாருங்கள். ஹாலோ பிளாக், செங்கல் இவற்றை முட்டுக் கொடுக்க விடாதீர்கள்; பாரத்தில் திடீரென்று நொறுங்கும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

நீங்களே செய்வதானால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தாலிக்கொடியை உள்ளே செருகி, கூந்தலைக் கொண்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். புடவை வேண்டாம், சுடிதார் நல்லது. துரு உதிரும், கண்ணாடி அவசியம். கண்ணில் தூசி விழுந்தால் கசக்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உறுத்தல் நிற்கவில்லை என்றால் கண் டாக்டரிடம் போங்கள். துருப்பிடித்த இரும்பு கிழித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரைக் கேளுங்கள். கை அழுக்கு போக பெட்ரோலைத் தொடாதீர்கள். தோல் வெடித்துப் போகும். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, கடலை மாவு போட்டுக் கழுவினால் எனக்கு நகக் கண்ணு அழுக்குகூடப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஐந்து தடவை என் பெண்ணை அந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தேன். சித்திரையில் பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு அழைத்து வரும்போது மாமனார் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் பூ வாங்க நிறுத்தி எடுத்தபோது ஒரு வேகத்தடை வந்தது. அவர் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார். வண்டி ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

"குழந்தை முழிச்சுக்கிச்சா?" என்று கேட்டார்.

"இல்லே தாத்தா, நல்லாத் தூங்கறா" என்றாள் என் பெண் பின்னாலிருந்து.

என் கணவர் அப்புறம் காயலாங்கடை பேச்சை எடுக்கவே இல்லை.